துரைசாணிக்குப் போட்டுக் காட்டிய சட்டை

குதிரைக்கார மாப்பிள்ளே, என் தங்கச்சி புருஷா,

மோட்சத்தில் குதிரை உண்டா? இருந்தால் லத்தி அள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் உன்னை இவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று கல்லறைத் தோட்டத்திலேயே சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இங்கே குறுவை அறுப்பு நிற்கிறது. கூலிச் சண்டை. ஒரு வரப்பில் சங்கத்துக் கொடி, எதிர் வரப்பில் மிராசுதார் ஆட்கள். குடவாசலிலிருந்து வைக்கோல் வண்டி வரவில்லை. நிலத்துக்குச் சர்க்கார் உச்சவரம்பு போட்டதும் மிராசுதார்கள் செத்தவன் பேரிலெல்லாம் பத்திரம் எழுதுகிறார்களாம். உன் பேரிலும் ஒரு வேலி நிலம் எழுதச் சொல்லட்டுமா?

லீவுக்குப் பிள்ளைகள் வந்து தங்கும் நம் சபை முகாமில் கொட்டகைக்குக் கீற்று மாற்றினேன். பம்புக்கு வாஷர் போட்டேன். சேணத்துக்கு எண்ணெய் தடவினேன். எல்லாம் சொன்னபடி கேட்டன, உன் குதிரை துரைசாணியைத் தவிர. நீ போனதிலிருந்து அவள் கொள்ளில் வாய் வைக்கவில்லை. சேணத்தைக் கண்டால் உதைத்தாள்.

போதகர் சொன்னார்: "காலாண்டு லீவுக்குப் பிள்ளைங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள இது சவாரிக்குத் தேறலேன்னா கும்பகோணத்து வண்டிக்காரருக்குக் கொடுத்துடலாம்."

வண்டிக்காரன் சாட்டை உனக்குத் தெரியும்.

நீ லாயத்துக்குள் நுழையும்போது இரண்டு முறை இருமுவாயே, அதை நான் இருமிக் காட்டி அவளைத் திரும்ப வைத்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! "வாயில்லாச் சீவனை ஏமாத்தாதய்யா மச்சான்" என்பாய். அதையேதான் மறுபடி செய்தேன். உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு, உன்னைப் போல இருமினேன். துரைசாணி என் அக்குளில் மூக்கை நுழைத்தாள். அப்புறம் தின்றாள்.

பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைச் சுமந்தாள். நானும் சட்டையைக் கழற்றவில்லை.

ஒருநாள் தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, அவரு சட்டையப் பாத்தீங்களா? தொவைக்காம வச்சிருந்தேன்."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன். மாப்பிள்ளே, அதை எதற்காகத் துவைக்காமல் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன்.

நேற்றுக் காலை பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வந்தவள் லாயத்துப் பக்கம் வந்துவிட்டாள். சட்டையோடு நின்றேன்.

"எலி ரொம்பப் பெருசா இருக்கே" என்றாள். கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். முகத்தில் வைத்து வெகுநேரம் முகர்ந்தாள்.

"இதுல உங்க வேர்வையும் குதிரையுந்தான் இருக்கு. அவரு இல்ல."

வெறும் உடம்போடு நின்றவனிடம் துரைசாணி வந்தாள். என் கையிலிருந்த கொள்ளை, இருமலும் இல்லாமல் சட்டையும் இல்லாமல், சாவகாசமாகத் தின்றாள். அப்படியானால் அந்தச் சட்டை எத்தனை நாளாகத் தேவைப்படவில்லை? உன் வாசனை மிச்சம் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாமோ? எந்த நாள் அது? நான் பார்க்கவே இல்லையே.

தங்கச்சி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அவரு மாதிரி ஒரு தடவ இருமுங்கண்ணே" என்றாள்.

எப்படியோ இருமினேன், இரண்டு முறை.

குதிரை கொள்ளிலிருந்து தலையை எடுக்கவில்லை. தங்கச்சி திரும்பிப் பார்த்தாள்.

இனிமேல் அந்த இருமலை வேடிக்கைக்கு இருமமாட்டேன், மாப்பிள்ளே. தங்கச்சி கேட்டால் மட்டும், அவளுக்கு மட்டும். துரைசாணியை எந்த வண்டியிலும் பூட்ட விடமாட்டேன். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே.

உன் சட்டையில் உன்னைத் தீர்த்துவிட்ட,
உன் மச்சான்