இரண்டு தட்டு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று நாளாகத் தள்ளிப்போகிறது.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்லப் போவதில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

முதலில் பதிப்பாளர். என் நாவல் முழுக்க ஹெலிகாப்டர். அட்டையில் போர் விமானம். கேட்டதற்கு, "ஹெலிகாப்டர் போட்டா வெள்ள நிவாரணம் மாதிரி இருக்கும் சார்."

அப்புறம் ரகு. என் பேட்ச். மலைப் போரில் என்னைவிட இரண்டே இரண்டு முறை கூடுதலாகப் பறந்தான். அவனுக்குப் பதக்கம். மயிலாப்பூரில் என் புத்தக வெளியீட்டுக்கே அவன்தான் சிறப்பு விருந்தினர். மேடையில் சொல்கிறான், "இவன் அப்பவே நல்லா கதை விடுவான்." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாவலைப் படமாக எடுக்கும் இயக்குநர் என்னைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறார். விங் கமாண்டராக ஓய்வு பெற்றவன் என்று மூன்று முறை சொல்லியாயிற்று.

இன்று தி. நகர் ஆபீஸில் திரைக்கதை, ஐந்தாம் பிரதி. "கேப்டன், அந்த ரெண்டு தட்டு இருக்கே, அதான் படம். மத்ததெல்லாம் சும்மா."

இரண்டு தட்டு: எங்கள் யூனிட்டின் வழக்கம். இரு பைலட்டுகளுக்கும் நடுவே, சற்றுப் பின்னால் ஃப்ளைட் இன்ஜினீயரின் இருக்கை. சுமை, எரிபொருள், அன்றைய குளிர் எல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு அவர் பைலட்டின் தோளில் இரண்டு முறை தட்டுவார். ஹெலிகாப்டரைத் தூக்கலாம் என்று பொருள். தட்டு விழாமல் யாரும் தூக்குவதில்லை.

என் நாவலில் இன்ஜினீயர் கணக்கில் தவறு செய்துவிட்டுத் தட்டிவிடுகிறார். அவரை நம்பி நாயகன் தூக்குகிறான். மலை உச்சியில் ஹெலிகாப்டர் விழுகிறது. கடைசி அத்தியாயத்தில் நாயகன் அவரை மன்னிக்கிறான். அந்த இடத்தில் அழுதேன் என்று எழுதாத வாசகர் இல்லை.

திரும்பும்போது ஆட்டோ. "இன்னா சார், சினிமா ஆபீஸாண்ட ஏறுறீங்க, ஆக்டரா?" எழுத்தாளர் என்றேன். "அப்ப நம்ம கதை ஒண்ணு கீது சார், கேட்டுக்கினே வாங்க." சைதாப்பேட்டை வரை சொன்னார். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மின்சாரம் இரண்டு முறை போயிற்று. தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

இயக்குநர் ஃபோன். குரலில் அப்படி ஓர் உற்சாகம். "நடிகருக்குத் தட்டச் சொல்லிக்கொடுக்க நிஜ இன்ஜினீயரையே புடிச்சிட்டோம். சாந்தோம்ல இருக்காரு, மரியதாஸ்னு. உங்ககூடவே பறந்தவராமே! சொல்லவே இல்ல நீங்க?"

சொல்லவில்லை. நாவலில் பெயர் அருள்ராஜ்.

அடையாறிலிருந்து சாந்தோம் எவ்வளவு தூரம்? கால் மணி நேரம். இருபது வருஷத்துக்கும் மேல் அவரைப் பார்க்க அதைக் கடக்கவில்லை. ஒரே ஒரு முறை நொச்சிக்குப்பம் சாலையில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். இடது காலை இழுத்து இழுத்து அடுத்த கடைக்குப் போனார். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அவரே கூப்பிட்டார்.

"வணக்கம் சார். மரியதாஸ் பேசுறேன். சௌக்கியமா இருக்கீங்களா சார்?"

இன்னும் சார்.

"எங்க கோயில்ல எல்லாரும் உங்க புக்கைப் படிச்சிட்டாங்க சார். பூசை முடிஞ்சு வெளிய வந்தா, 'நீங்கதானா அது'ன்னு கேக்குறாங்க. ஃபாதரே கேட்டாரு."

"பேரை மாத்தியிருக்கேனே, தாஸ்."

"பேரை மாத்தினீங்க சார். காலை மாத்தலையே."

கோபமே இல்லை. வேடிக்கை பேசுவதுபோலத்தான் சொன்னார். 

"என் பொண்ணு ரீட்டா, டீச்சரா இருக்குது. அதுவும் படிச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. 'நீங்க தட்டினீங்களாப்பா?'ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"செவ்வாக்கெழமை ஒத்திகையில சாரைப் பாக்கப் போறேன், நீயும் வா, அவரையே கேப்போம்னு சொன்னேன் சார்."

வைத்துவிட்டார்.

மனைவி வசந்தா சமையலறையிலிருந்து: "யாருன்னா ஃபோன்ல?"

"பழைய ஆள். என்கிட்ட வேலை பார்த்தவர்."

"வேலை பார்த்தவர்னா நீங்க ஏன் எழுந்து நின்னுண்டு பேசறேள்?"

நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எப்படி எழுதுவது. நடந்த வரிசையிலேயே.

ஒத்திகை அறை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் காக்பிட். தாஸ் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். சல்யூட் அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அடிக்கவில்லை. ரீட்டா சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பாவின் அதே நெற்றி.

நடிகரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இயக்குநர், "கேப்டன், நீங்களே உக்காருங்க. ஒரிஜினலா இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். பின்னால் தாஸ் நாற்காலியைப் பிடித்துக் காலை நீட்டி மெல்ல அமர்வது கேட்டது. தைல வாசனை. எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

"சுமை ஏத்தியாச்சு. சார், தட்டுங்க" என்றார் இயக்குநர்.

தோளில் ஒன்றும் விழவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கை உயர்ந்திருந்தது. என் தோளுக்கு மேலே அரை அடி. அங்கேயே நின்றது.

"சார், தட்டுங்க."

"அன்னிக்கு இவ்ளோதான் சார்" என்றார் தாஸ்.

இயக்குநர் கைதட்டிவிட்டார். "சூப்பர்! தயங்குறாரு பாத்தீங்களா? இதையும் வெச்சுக்கலாம். தயங்கிட்டு, அப்புறம் தட்டுறாரு!" நடிகர் தன் கையைத் தூக்கி அதேபோல் நிறுத்திப் பார்த்தார்.

ரீட்டா இயக்குநரையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேள்வியைக் கேட்கவே இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும்.

திறந்தேன். "எல்லாருக்கும் டீ சொல்லலாமா?"

படியில் இறங்கும்போது தாஸ் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். ரீட்டா ஆட்டோ பிடிக்க முன்னால் போய்விட்டாள். நான் பின்னால்.

"சார், அந்தச் சீட்டு இருக்கா?"

"எந்தச் சீட்டு?"

கொஞ்சம் நின்றார். "சரி சார்" என்று மீண்டும் இறங்கினார்.

ஜூலை 9, புதன்

வேலை ஒன்றும் ஓடவில்லை. வசந்தா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

சீட்டு இருக்கிறது. லாக் புக்கின் பின்னட்டை உறைக்குள். இன்று எடுத்துப் பார்த்தேன். சிகரெட் அட்டையைக் கிழித்து, பென்சிலில், அவர் கையெழுத்தில்:

'சார் 2 பெட்டி இறக்கணும். நான் தட்ட மாட்டேன்.'

அன்று ஹெட்போனில் ஒரே இரைச்சல், கீழேயிருந்து ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதி நீட்டினார். கோபைலட் பஞ்சாபி, அவனுக்குத் தெரியக்கூடாது என்று தமிழில். சார்ஜன்ட் ஒருவர் ஆபீசரின் மானத்தைக் காப்பாற்றிய விதம் அது.

படித்தேன். மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். தூக்கினேன்.

ஏன்? மேகம் மூடிக்கொண்டு வந்தது. ரகு அன்று ஏற்கெனவே மூன்று முறை போய்வந்துவிட்டான். எனக்கு அது இரண்டாவது. பெட்டியை இறக்கப் பத்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான் காரணம். நாவலில் இதற்குப் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். மேலே காயம்பட்ட வீரர்கள், ரத்தம், வயர்லெஸ்ஸில் ஒரு சிறுவயதுக் குரல். அப்படி ஒருவரும் இல்லை. மேலே தோட்டாப் பெட்டிக்குக் காத்திருந்தார்கள். மறுநாள் வந்தாலும் போதும்.

இறங்கும்போது மேல் விசிறியின் சுழற்சி குறைந்தது. தாங்கவில்லை. வால் உடைந்தது. எனக்கும் கோபைலட்டுக்கும் கீறல். தாஸின் கால் இருக்கைக்கு அடியில்.

விசாரணையில் ஒரே கேள்வி. இன்ஜினீயர் சைகை கொடுத்தாரா?

"கொடுத்தார்."

கோபைலட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டான். தாஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். சார்ஜன்ட் வார்த்தை. பதவி உயர்வு நின்றது. பறக்கக்கூடாது என்றார்கள். கடைசிவரை ஸ்டோரில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

சீட்டை அவர் ஏன் அன்றே சொல்லவில்லை? சொல்லியிருப்பார். யார் நம்பினார்கள்.

நான் அதை ஏன் எரிக்கவில்லை என்று மட்டும் எனக்கே தெரியவில்லை.

ரகுவின் பதக்கத்தைப் பற்றி இவ்வளவு வருஷம் புலம்பியிருக்கிறேன். மூன்றாம் தேதிக் குறிப்பைத் திருப்பிப் படித்தேன். கிழிக்கத் தோன்றியது. இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

காலையில் மழை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

பிறகு கடிதம். ஒரு பக்கம். கம்ப்யூட்டரில் அடித்தேன். பதினான்கு பக்கத்தை ஒரு பக்கமாக எழுத ஐந்து மணி நேரம் ஆயிற்று. உவமை ஒன்றுகூட இல்லை. 'தட்டவில்லை. எழுதிக் கொடுத்தார். விமானி படித்தபின் தூக்கினார். விசாரணையில் பொய் சொன்னார்.' படர்க்கையில் எழுதினால்தான் கை ஓடியது.

நகல்கள்: இயக்குநர், பதிப்பாளர், விமானப்படைத் தலைமையகம், சாந்தோம் ஃபாதர். எல்லாவற்றிலும் சீட்டின் ஜெராக்ஸ். அசல் சீட்டு ரீட்டாவுக்கு. அவள் கேட்காத கேள்விக்கு அவள் அப்பாவின் எழுத்திலேயே பதில்.

அடியில் பெயர் எழுதினேன். பதவியும் எழுதினேன். அழித்தேன். மறுபடி பெயர் மட்டும். அதையும் அழித்தேன்.

பெயர் இல்லாவிட்டால் தாஸே எழுதியதாக நினைப்பார்களோ? அதற்குத்தான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தச் சீட்டு அன்றிலிருந்து இன்றுவரை விமானியிடமே இருந்தது.' விமானி யார் என்று நாவலின் அட்டையிலேயே போட்டிருக்கிறது, போர் விமானத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில். கண்டுபிடிக்கட்டும். அவர்களே கண்டுபிடித்து வந்து கதவைத் தட்டினால் ஆமாம் என்று சொல்லிவிடலாம். நானாகப் பெயரைப் போட்டுக் கொடுக்க மட்டும் கை வரவில்லை.

வசந்தா எட்டிப் பார்த்து, "அஞ்சு கவரா? யாருக்குன்னா கல்யாணம்?" என்றாள்.

ஒட்டிவிட்டேன். அடையாறு தபால் நிலையத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். நாளைக் காலை மயிலாப்பூர் போய்ப் போடுகிறேன். கையெழுத்து இல்லாமலே.