பாய்லர் நம்பிய பொய்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? லீட்ஸில் நான் நலம்.

ஒரு வாரமாக, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரியத் தொடங்கிய மறுநிமிடமே அணைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா ஹில்டாதான் ரகசியமாக அணைக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். குளிர்கிறது என்றால் அவரும் உங்களைப் போலவே, "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோம்மா" என்பார்.

நேற்று பழுதுபார்க்க வந்த டெஸ்மண்டிடம் அதைச் சொன்னேன். அவர் குழாயைத் தொட்டுச் சிரித்தார். "குழாய் சில்லுன்னு கெடக்கு. சூட்டை அளக்கிற இந்த சென்சார் எண்பது டிகிரின்னு புளுகுது, பாய்லரும் நம்பி அணைஞ்சிடுது. அந்தம்மாவைப் போய் சந்தேகப்பட்டியே!"

ஹில்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது சந்தேகம் உங்கள்மேல். அங்கேயும் குளிர்காலம்தான், ஆனாலும் கடிதம் தவறாமல் "இங்கே கதகதப்பா இருக்கும்மா" என்கிறீர்கள். கட்டிலருகே, அறையின் சூட்டைக் காட்டும் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். அது காட்டும் எண்ணைப் பக்கத்து வீட்டு ஆக்னஸ் பார்த்து எழுதட்டும், நீங்கள் வேண்டாம்.

உங்கள் ரோவீனா