ஓடைக்கரைத் தாழம்புதர்

ஷோபா நைனாவுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். திருப்பதி மலையடிவாரத்தில் கன்று நடும் வேலையில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

நம் ஓடைக்கரைத் தாழம்புதரைத் தேவசகாயம் சும்மாவே வெட்டித் தருகிறாராமே, நம் மகள் ஷோபா சொல்லியனுப்பினாள். சபையில் முன்வரிசையில் ஜெபிக்கிறவர்தான். ஆனாலும் அவரிடம் டிராக்டர் இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

இங்கேயும் ஒருவர், பாம்பு வரும் என்று சொல்லிக் கரைப் புதரையெல்லாம் சுத்தம் செய்து கொடுத்தாராம். வேர் போனதும் கரை சரிந்தது. சரிந்த மணல் அவர் டிராக்டரில் போனது. அங்கேதான் இப்போது தாழையும் நீர்மருதும் திரும்ப நடுகிறோம். போன வாரம் காலடி மண் நழுவி நான் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, மறுபடி ஞானஸ்நானம் வாங்கிக்கினியா?" என்று கூட வேலை செய்யும் சுந்தரி சிரித்தாள். முட்டியில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

என் தம்பி சாந்தகுமார் இங்கே வரும்போது தேங்காயெண்ணெயும் ஒரு போர்வையும் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போர்த்துகிற போர்வையானாலும் சரி.

தேவசகாயம் வந்தால் காபி கொடுங்கள், புதரில் கத்தி வைக்க விடாதீர்கள். "நெலம் அவ பேர்ல கீது, அவ ஒத்துக்க மாட்டா" என்று சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேராக மறுக்க உங்களுக்கு வராது. பழியை என்மேல் போடுங்கள்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் கிளம்புகிறது.

தெபோராள்