கூடக்குறைய ஒன்பது இன்ச்

என் அளவுநோட்டுக்காரிக்கு,

தையல் கடையிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாய் என்பது நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது. இப்போது எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேச முடியாது. மகள் என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் ஃபோனைப் பிடுங்கிவிடுவாள். அதனால்தான் கடிதம். படித்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். உன்னோடு வேலை செய்கிற அந்த லாரி டிரைவருக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பெரிய மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன். மகள் வளர்ந்துவிட்டாள், பாவாடையை ஒன்றேமுக்கால் இன்ச் இறக்கிவிட்டேன். அளவு நோட்டு மட்டும் கந்தல். என் கையெழுத்தில் ஆறும் எட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. போன வாரம் பேங்க் அம்மாவுக்குத் தைத்த ரவிக்கை அவருடைய அக்காவுக்குத்தான் பொருந்தியது. நீ இருந்தபோது நான் அளவைச் சொல்லச் சொல்ல எழுதுவாய். பதினாலேகால் என்று சொல்லிவிட்டு, சரி பதினாலு என்றே போட்டுக்கோ என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாய். 'அந்தக் கால் இன்ச்சை நீங்க எங்க எடுத்துட்டுப் போகப்போறீங்க?' என்று வாடிக்கைக்காரர் முன்னாலேயே ஒருநாள் கேட்டாய். எனக்கு அன்றைக்கு மானம் போனது. ஆனால் உன்மேல் மரியாதை வந்ததும் அன்றைக்குத்தான்.

அப்படிப்பட்டவள் போன கடிதத்தில், 'கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க, கிவ் ஆர் டேக், நீங்க என்ன சொல்றீங்க?' என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன சொல்வேன்? நடுவில் நிற்கிற அந்த மூன்று வார்த்தை எனக்குப் புரியவில்லை. மகளிடம் அர்த்தம் கேட்டேன். 'முன்னப்பின்ன ஆகும்னு அர்த்தம்ப்பா' என்றாள். எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று கேட்டேன். 'அதைச் சொல்லாம இருக்கத்தான்ப்பா அந்த வார்த்தையே' என்றாள்.

சாமான் ஏற்றி இறக்குகிற கம்பெனியில் உன் வேலை அப்படி. எனக்குப் புரியாமல் இல்லை. வீடு மாற்றுகிறவர்களுடைய வீட்டு நடுவில் நீ நின்று, எத்தனை பெட்டி ஆகும், லாரி எத்தனை நடை போகும் என்று கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். அடித்துச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று டிரைவர் உனக்கு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ அதை மகள் படிக்கட்டும் என்று இங்கே அனுப்பிவிட்டாய். அவள் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். மோர் ஆர் லெஸ், கிவ் ஆர் டேக், ரஃப் கெஸ், சம்வேர் அரவுண்ட். நாள் பூராவும் அந்த ஆளுடைய கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நான் பட்டனுக்குக் காஜா போடுகிறேன். கையெழுத்து வேறு அழகாக இருந்து தொலைக்கிறது. நம்மிடம் இல்லாத வார்த்தைகளா இதெல்லாம்? கிட்டத்தட்ட, ஏறக்குறைய, கூடக்குறைய என்று கைவசம் எத்தனை இருக்கிறது. நான் உனக்கு ஒன்றுகூட எழுதித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வேறு எழுதியிருக்கிறார். அதில் ஒன்றை மகள் சத்தமாகப் படித்து அர்த்தமும் சொன்னாள். 'இவருடைய கணவர் நல்ல தையல்காரர், மோர் ஆர் லெஸ்.' கூடவா குறையவா என்று அந்த மனுஷனிடம் கேட்டுச் சொல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் 'டிரைவர் அண்ணன்' என்று எழுதினாய். நம் பாஷை பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வெறும் 'டிரைவர்' ஆனார். போன கடிதத்தில் மூன்று இடத்தில் 'அவர்' என்று இருக்கிறது. 'அவர் சிரிக்க வைப்பார்', 'அவர் சொன்னார்', 'அவர்தான் போட்டோ எடுக்கலாம்னார்'. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் வாயில் 'அவர்' என்று வந்தால் அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமைதான். பொறாமை இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

குளிருக்குக் கோட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாய். பழைய அளவிலேயே தைங்க, கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடமா அப்படிச் சொல்வது? அதுவும் நீயா? ரெண்டு வருஷமாகப் பெட்டி தூக்கி உன் தோள் மாறியிருக்கிறது. போட்டோவிலேயே தெரிகிறது. அதனால் போட்டோவை மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். போட்டோவில் ஒரு இன்ச் என்பது நேரில் எத்தனை இன்ச் என்று தெரிய வேண்டுமே. உனக்கும் பக்கத்தில் நிற்கிற டிரைவருக்கும் பின்னால் லாரியின் நம்பர் பிளேட் இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், அங்கே நின்ற லாரியின் நம்பர் பிளேட்டை அளந்தேன். லாரிக்காரர் இறங்கி வந்து, 'என்ன சார் பண்றீங்க?' என்றார். உறை தைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றேன். நம்பர் பிளேட்டுக்கு உறை போட்டால் போலீஸ் பிடிக்கும் சார் என்று பொறுமையாகச் சொன்னார்.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். தோள் சரியாக வரவில்லை, நீ கொஞ்சம் திரும்பி நின்றிருக்கிறாய். அந்த ஆள் பக்கமாகத்தான் திரும்பியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் தோளுக்கும் அவர் கைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்தேன். ஒன்பது இன்ச். உங்கள் லாரி பிளேட்டும் இங்கே இருக்கிற பிளேட்டும் ஒரே அளவா என்று எனக்குத் தெரியாது. அதனால் கூடக்குறைய ஒன்பது என்று நோட்டில் எழுதினேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் சுமாராக எழுதிய முதல் அளவு அதுதான்.

மகள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நோட்டை எட்டிப் பார்த்து, 'இது அம்மாவோட எந்த அளவுப்பா?' என்று கேட்டாள். நான் நோட்டை மூடினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை அவளே பரிமாறினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ தப்பாக எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே நானும் பேங்க் அம்மாவும் சிரித்துப் பேசுவதை யாராவது போட்டோ எடுத்தால் ஒன்பது இன்ச்கூட இருக்காது. என் பயம் வேறு. இங்கிருந்து போகும்போது ரயில் வருகிற நிமிஷத்தைக்கூடச் சொன்னவள் நீ. திரும்பி வருவதை மட்டும் இப்படி முன்னேபின்னே என்று சொல்கிறாயே.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். வேலையில் நீ கெட்டிக்காரி, அது உனக்குப் பிடித்திருக்கிறது. போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடு என்று சொல்லவும் வரவில்லை. ரெண்டு வருஷம் என்றால் ரெண்டு வருஷம் நான் இருந்துவிடுவேன். ஆனால் திரும்பி வருகிற தேதியைச் சொல். பக்கத்தில் எந்த வார்த்தையும் ஒட்டாமல் சொல்.

இந்தப் பார்சலில் என் பழைய டேப்பை வைத்திருக்கிறேன். கோட்டுக்குக் காலரும் பைகளும் வெட்டியாகிவிட்டது. உடம்புத் துணி மேஜைமேல் அப்படியே முழுசாகக் கிடக்கிறது. தோள் அளவு இல்லாமல் அதில் கத்தரி வைக்க முடியாது. தன் தோளைத் தானே அளந்துகொள்ள முடியாது, பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். உன் அறையில் இருக்கிற நர்ஸம்மாவைக் கேள். அவருக்கு நேரமில்லை என்றால் மட்டும் டிரைவர் பிடிக்கட்டும். எண்ணை மட்டும் சரியாகப் படிக்கச் சொல்.

கடைசி நாளான முப்பதாம் தேதி நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த அளவை எழுதி அனுப்பு. பத்து நாளில் கோட்டு உன்னிடம் வந்துவிடும், தையலில் ஒரு குறை இருக்காது. போடவில்லை என்றால் ஒன்றும் எழுதாதே. ஃபோனிலும் சொல்லாதே. தபால்காரர் தினமும் நம் கடையைத் தாண்டிப் போகட்டும். துணி அதுவரை மேஜைமேல் இருக்கும், நீ வந்து நின்றதும் நானே அளந்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எழுந்து தூக்கு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் 'அவர்'