பதினோராம் வழியின் இறக்கம்

ஆறாம் வழி முடிந்த இடம்,
திங்கள், மதியம்.

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே முழங்கால் இரண்டையும் தவிர மற்றெல்லாம் நலம். அங்கே நலமா என்று கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை இப்போதே வாங்கிக்கொண்டேன்.

போன் அடித்தால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். எடுத்தாலும் இந்த மலை மடிப்புக்குள் சிக்னல் பாதி வார்த்தையில் அறுந்துபோகிறது. அதனால்தான் கடிதம். நீங்கள் உறையைப் பிரிக்காவிட்டால் உங்கள் அக்கா பிரித்து, சத்தமாக வாசித்து, நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்வார். எப்படியோ உங்கள் காதில் விழுந்தால் சரி.

நம் சைக்கிள் பயணப் புத்தகத்தின் பதினான்கு வழிகளில் ஆறு ஆயின. காலையிலிருந்து மழை. இந்த விடுதியில் மாடி அறை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல். விடுதிக்காரம்மா என் ஈரத் துணிகளை அடுப்படிக் கொடியில் போட்டிருக்கிறார். சைக்கிளை வரவேற்பறையிலேயே நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்தார். "இந்த வயசுல தனியா எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று கேட்டார். புத்தகத்துக்கு வழி சரிபார்க்கிறேன் என்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் சுற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாலாம் வழியில் "கொஞ்சம் ஏற்றம் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் "கொஞ்சம்" ஒன்பது கிலோமீட்டர். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாதித் தூரம் சைக்கிளை நான் தள்ளினேன், மீதித் தூரம் அதன்மேல் சாய்ந்துகொண்டு நடந்தேன். புதுப் பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அளவைப் போடப் போகிறேன். முதல் பதிப்புக்கு நாம் இருவரும் சேர்ந்து சுற்றியபோதே உங்கள் "கொஞ்சம்" பற்றி நான் எச்சரித்தேன். அளக்கிறது நான், அளக்காமல் எழுதுகிறது நீங்கள் என்று அன்றைக்கு இருவரும் சிரித்தோம்.

புதுப் பதிப்புக்காக மறுபடி சுற்றிவரப் பதிப்பகத்தார் கேட்டபோது "இனி சைக்கிளைத் தொடமாட்டேன்" என்று நீங்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டீர்கள். வேறு யார் செய்வது? நம் புத்தகத்தை நம்பிப் பதினோராம் வழியில் இறங்கி அந்தப் பள்ளி வாத்தியார் உயிரை விட்ட பிறகு, இதைப் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சுற்றியபோது அங்கே பழைய பாலம் இருந்தது, அப்புறம் மாற்றியிருக்கிறார்கள், எழுதினவர் என்ன செய்வார் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். நீங்கள் சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்?

வாத்தியாரின் மனைவி எழுதிய கடிதம் எட்டு மாதமாக உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்த வரியை எழுதுவதற்கு முன் நீங்கள் அந்த இறக்கத்தில் இறங்கிப் பார்த்தீர்களா?" ஆமாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். கணவருக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். பதிலுக்குக் காத்திருக்க வைப்பது பாவம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தாடியை எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அளவுகோல்.


ஒன்பதாம் வழியில், ஒரு தேநீர்க் கடை,
வியாழன்.

அன்புள்ள உங்களுக்கு,

சின்னக் கடிதம்தான். எழுத்து கோணலாக இருக்கும். நாள் முழுக்கக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததால்.

இரண்டு நாளாக எதிர்க்காற்று. பள்ளத்தாக்கில் இறங்கும்போதுகூட மிதிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மலையைத் தாண்டினால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் அடுத்த மலை. பார்க்க வருகிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். எனக்கு இப்போது பச்சை நிறத்தைப் பார்த்தாலே கால் வலிக்கிறது. பின்சக்கரம் இரண்டு தடவை பஞ்சர். இரண்டாவது தடவை ஒட்டி முடித்து, காற்றடிக்கத் தெம்பில்லாமல் மைல்கல்லில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி அடித்துக் கொடுத்தார்.

உங்கள் குறிப்பு நோட்டுகள் துணையாக இருக்கின்றன. இரண்டாம் பதிப்புக்கு நீங்கள் தனியாகச் சுற்றி எழுதியவை. பக்கமெல்லாம் கிரீஸ் விரல், மழைத்துளி, ஓரத்தில் என்னைக் கிண்டல் செய்து குறிப்பு வேறு. "இந்தக் குழாய்த் தண்ணீர் அவளுடைய காப்பியைவிடச் சுவை." பார்த்துக்கொண்டேன், வந்து பேசிக்கொள்கிறேன்.

நாளை மறுநாள் பதினோராம் வழி. போக மனமில்லை. ஆனாலும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் அளவுகோல்.


பாலத்தருகே,
சனிக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை, பஸ் நடத்துனரிடம் கொடுத்து உங்கள் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே வாசியுங்கள்.

இன்று காலை பதினோராம் வழியின் இறக்கத்தில் இறங்கினேன். ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். நம் புத்தகம் கைப்பையில் இருந்தது. "நான்கு கிலோமீட்டர் நேர் இறக்கம். பாலம் கண்ணெதிரே தெரியும். பிரேக்கைத் தொடாமல் பறந்து போகலாம்." மேலே நின்று பார்த்தால் இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. பழைய பாலத்தின் தூண்கள் நிற்கின்றன அல்லவா, பாலமே நிற்பதுபோல் ஏமாற்றுகிறது. கீழே வந்தால்தான் தெரியும், சாலை சட்டென்று இடது பக்கம் ஒடிகிறது. புதுப் பாலம் இருநூறு மீட்டர் தள்ளி. திருப்பத்தில் சரளைக் கல், அதை ஒட்டிக் கற்சுவர். சுவரில் புதிதாகப் பூசிய இடம் தனியாகத் தெரிகிறது.

அங்கே சாலைப் பணியாளர் ஒருவர் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு இருக்கிறார். அன்றைக்கு வாத்தியாரைத் தூக்கியவர் அவர்தான். என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்கம்மா முதல்ல. தினம் ஒருத்தராவது இங்க பதறிப்போய் நிப்பாங்க. அப்புறம் என்னைத் திட்டுவாங்க. நானா எழுதினேன்?" என்றார். அவரே ஒரு பலகை எழுதி நட்டாராம், காற்று தள்ளிவிட்டதாம்.

பாலத்தை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "வெள்ளம் வந்து பழையதைத் தூக்கிட்டுப் போய் நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது நடக்குது. அடுத்த கோடையிலேயே புதுசு வந்திடுச்சு" என்றார்.

நீங்கள் இரண்டாம் பதிப்புக்குச் சுற்றியது மூன்று வருடத்துக்கு முன்பு.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் வழிக்கு ஒரே வரி. "இறங்கிப் பார்த்தேன். மாற்றமில்லை." அந்தப் பக்கத்தில் கிரீஸ் இல்லை, மழைத்துளி இல்லை, கிண்டலும் இல்லை. மேலே தேதி. அந்தத் தேதியை நான் மறப்பேனா? என்னை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போன நாள். நீங்கள் இங்கே வருவதாக இருந்த நாளும் அதுதான். ஆபரேஷனை இரண்டு நாள் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். என் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்தது, கதவு மூடும்வரை எனக்குத் தெரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்த வரியை எழுதினீர்கள், இல்லையா? அப்புறம் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். அப்புறம் எனக்கு ஊசிகள், காய்ச்சல், அச்சுக்குப் போக வேண்டிய நாள். எப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

கோபம் வந்தது. பொய் சொல்லும் ஆள் இல்லையே இவர் என்று. ஊராரிடமெல்லாம் உங்களுக்காக நான் சொன்ன பொய்யை நினைத்து இன்னும் கோபம் வந்தது. பத்து நாள் என்னைவிட்டு நகரவில்லை என்று உறவுக்காரர்களிடம் பெருமை பேசினேனே, அந்தப் பத்து நாளில் எந்த வழி விட்டுப்போயிற்று என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அளவுகோல் என்று பெயர் மட்டும். வீட்டில் எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் கிடக்கிறீர்களே, அது வாத்தியாருக்காக என்று நினைத்தேன். எனக்காகவும்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சொன்னால் நான் என்னைப் பழி சொல்லிக்கொள்வேன் என்று பயந்தீர்கள். சொல்லிக்கொள்ளத்தான் செய்கிறேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எத்தனை நாள் பட்டினி கிடப்பீர்கள்?

அந்தப் பணியாளரிடம் சொல்லிவிட்டேன், எழுதியவர் என் வீட்டுக்காரர் என்று. அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தார். அப்புறம் எனக்கும் ஒரு டம்ளர் தேநீர் ஊற்றினார். "திட்டணும்னு சொல்லலை. ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கம்மா அவரை" என்றார்.

எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. இதுவரை வந்த மற்ற வழிகளின் பக்கங்களை நான் திருத்திவிட்டேன். இந்த ஒரு பக்கத்தை வெறுமையாக வைத்திருக்கிறேன். இதை நான் எழுதினால் சரியாக இருக்காது. செவ்வாய்க்கிழமை பகல் பஸ் மேல் வளைவில் நிற்கும். அங்கே இருப்பேன். சைக்கிள் வேண்டாம், நடந்தே இறங்கலாம். அந்த அம்மாளின் கடிதத்தையும் எடுத்து வாருங்கள்.

வராவிட்டால் நான் திட்டமாட்டேன். ஆனால் வாருங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி.


பாலத்தருகே,
புதன்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பத்திரமாக வந்து சேர்ந்தார். கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் முதலில் அதை எழுதிவிட்டேன். ஏன் திடீரென்று கிளம்பினார் என்று உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவர் வாயாலேயே சொல்வார். சொல்கிறேன் என்றிருக்கிறார்.

தாடியோடுதான் வந்தார், வீட்டுச் செருப்போடு. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான்கு கிலோமீட்டரையும் நடந்தோம். கீழே திருப்பத்தில் நின்று தூண்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்புறம் என் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். திருப்பத்தை மூன்று தடவை அளந்தோம். ஒரு தடவையே போதும், ஆனாலும் நான் நாடாவை விடவில்லை. பணியாளரோடு சேர்ந்து பலகையைக் கல் வைத்து இறுக்கி நட்டார். பிறகு சுவரோரம் உட்கார்ந்து அழுதார், அக்கா. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்று காலை கொட்டகையில் ஒரு மரப்பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பதில் எழுதினார். நாலைந்து தாள் கிழிந்தது. கடைசியில் என்னிடம் நீட்டினார். "இல்லை அம்மா, நான் இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன்" என்று தொடங்குகிறது. அரைப் பக்கம்தான். என் ஆபரேஷன் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. அதையும் எழுதலாமே என்றேன். "அந்தம்மா காரணம் கேக்கலையே" என்றார். உறையை நான் ஒட்டினேன். பதிப்பகத்தாருக்கும் இதையே எழுதியிருக்கிறார். இந்தக் கடிதத்தோடு அவையும் ஒரே பையில் தபாலுக்குப் போகின்றன.

இன்னும் மூன்று வழிகள் பாக்கி. என் கால்கள் என் பேச்சைக் கேட்பதாக இல்லை. பணியாளர் பழைய சைக்கிள் ஒன்று தருகிறேன் என்கிறார். இவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை.

அக்கா, அந்த அம்மாள் என்ன எழுதுவார் என்று தெரியாது. சபிக்கலாம், வழக்குப் போடலாம், பதிலே போடாமலும் இருக்கலாம். எது வந்தாலும் நாங்கள் திரும்பியதும் உங்கள் தம்பிக்கு ஆறுதல் எதுவும் சொல்லாதீர்கள். எப்போதும்போலச் சாப்பாடு போட்டு, எப்போதும்போல அதிகாரம் பண்ணிக்கொண்டு பக்கத்தில் இருங்கள், போதும். எங்கள் பதில் போய்ச் சேருகிற வேளையில் அந்த வீட்டிலும் அந்த அம்மாள் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி.