ஊறுகாய் பாட்டிலில் ஒரு போர்டுத் துண்டு

அக்கா, நீங்கள் போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. நேரில் பேச எனக்கு எப்போது வந்தது?

இன்று நம் இன்டீரியர் ஆபீஸின் சாம்பிள் அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் ஊறுகாய் பாட்டில் கிடைத்தது. புது போர்டு எது வந்தாலும் ஒரு துண்டை அதில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மறுநாள் எடுத்துப் பார்ப்பீர்கள். மரத்தூளைப் பசையால் ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு டீயில் விழுந்த ரஸ்க் போல உப்பியிருக்கும். "இத மேசைக்குப் போடலாம்டி, தண்ணி பக்கம் மட்டும் காட்டாத" என்பீர்கள். மூடியைத் திறந்தேன். இன்னும் அந்தப் பசை வாசம்.

அந்தப் போர்டை நான் தண்ணிப் பக்கம் காட்டிவிட்டேன். மேட்டுப்பாளையம் ஆபீஸ் வேலையில் கார்பெண்டர் அண்ணன் போன் செய்து, டீ போடும் பேன்ட்ரியில் சிங்குக்குக் கீழேயும் மேசைக்குப் போட்ட போர்டுதானா என்று கேட்டார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்று பயந்து, "ஆமாண்ணா" என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் கதவுகள் உப்பி, கீல் கழன்று தொங்கின. யார் சொன்னது என்று முதலாளி கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாந்தான் சார்" என்றீர்கள்.

மாடிப்படியில் அழுதுகொண்டு நின்ற என்னிடம், "விடுடி. என்னத் திட்டித் திட்டி அவருக்குப் பழகிடுச்சு. உன்னத் திட்டுனா நாளைக்கு நீ வேலைக்கே வரமாட்ட" என்று சிரித்தீர்கள். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் வாயெடுத்தபோதெல்லாம் அதே "விடுடி". கடைசியாகக் கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதுதான்.

நேற்று அதே மேட்டுப்பாளையம் ஆபீஸ்காரர் மேல்மாடி வேலைக்காக வந்தார். போன தடவை பேன்ட்ரியைக் கெடுத்த அம்மா இதில் கைவைக்கக் கூடாது என்றார். "அவங்க இப்ப இல்ல சார், பயப்படாதீங்க" என்றார் முதலாளி. இருவரும் கேட்லாகின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். நான் சாம்பிளை நீட்டிக்கொண்டே நின்றேன். கை வலித்தது.

சோர்வாக இருக்கிறது அக்கா. பிள்ளைச்சாவடி பஸ்ஸில் நின்றபடி வரும்போதும் "நாந்தான் சார்" என்ற அந்த ஒரே வாக்கியம்தான் வாயில் நிற்கிறது. இப்போது எந்த வேலைக்கு லிஸ்ட் எழுதினாலும், சிங்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் மரைன் பிளை என்பதுதான் என் முதல் வரி. தெரியாததைத் தெரியாது என்று கார்பெண்டர் அண்ணனிடம் சொல்லப் பழகிவிட்டேன். முதலாளியிடம்தான் இன்னும் வரவில்லை.

நாளை பத்து மணிக்கு அந்த ஆபீஸ்காரர் மறுபடி வருகிறார். உங்கள் பாட்டிலில் அந்தப் பார்ட்டிகிள் போர்டில் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறேன். அதை மேசைமேல் வைத்து, இருவர் முன்னாலும் பேன்ட்ரியைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு மட்டும் "விடுடி" என்று சொல்லாதீர்கள்.