வியாழக்கிழமை எதிரொலி

ஏப்ரல் 11, 1996, வியாழன்
ரதாமேஸ் வந்து எங்கள் கொக்கோ விவசாயிகள் சங்கத்தின் போன் பெட்டியை எங்கள் வீட்டில் பொருத்தினான். போன் கம்பி ஒரு பக்கம், மைக்கும் ஒலிபெருக்கியும் மறுபக்கம். இனி மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே மற்ற இரண்டு ஊர்க் கிளைகளோடும் பேசலாம். நான் பேசப் பேச அவன் திருப்புளியால் திருகினான். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே திரும்பி வராத இடத்தில் நிறுத்தினான். என் மகளுக்கு ஞானத்தந்தை அவன்; அந்த உறவில் என்னைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். "இனி யாரும் கை வைக்கக் கூடாது கொமாத்ரே. என் மாமியார் உள்பட."

மாலைக் கூட்டத்தில் என் குரல் திரும்பி வந்தது, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல. முடிவு: ஞாயிறன்று லாரி பிடித்துக் கொக்கோவை நேரே துறைமுகத்துக்குக் கொண்டுபோவது. தரகர் போலன்கோவுக்கு ஒரு மூட்டைகூடக் கிடையாது.

ஏப்ரல் 13
போலன்கோ காலையிலேயே வீடு வீடாகப் போய், விலையை ஏற்றி வாங்கிவிட்டார். எப்படித் தெரிந்தது? பெட்டியைத் தொட்டவன் ரதாமேஸ் ஒருவன்தான். ஒட்டுக்கேட்க வழி வைத்துவிட்டானோ?

ஏப்ரல் 15
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தப் பய எப்பவுமே சரியில்ல" என்றார். பிப்ரவரித் தேர்தலில் சங்கத் தலைவர் பதவி போனதிலிருந்து இவருக்கு, கூட்டம் என்றாலே படுக்கையறையில் ரேடியோவும் பேஸ்பாலும்தான். இன்றாவது அக்கறையாகக் கேட்டாரே.

ஏப்ரல் 18, வியாழன்
காலையில் ரதாமேஸை வரவழைத்து மறுபடி திருக வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். "என்ன கொமாத்ரே, போலீஸ்காரி மாதிரி நிக்குறீங்க?" சோதித்தபோது சுத்தமாக இருந்தது.

மாலையில் அதே எதிரொலி. புதுத் தலைவர் எலிஹியோ சொன்னார்: "அடுத்த வியாழன் அவனச் சங்கத்த விட்டு நீக்கிருவோம்." நீக்கினால் இந்த ஊரில் அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ஏப்ரல் 20
நேரிலேயே கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் சுட்டது.

"ஒரு போன் தொங்குற கம்பிக்குத்தான் நான் திருகி வச்சேன். அதே கம்பியில இன்னொரு போன எடுத்தா கணக்கு மாறிடும், உங்க குரல் திரும்பி வரும். உங்க வீட்டுல எத்தன போன்?"

இரண்டு. ஒன்று கட்டிலருகே.

தான் தப்பிக்க இப்படிச் சொல்கிறானோ?

ஏப்ரல் 22
வெள்ளிதோறும் டோமினோ மேசையில் இவருக்கு ஜோடி யார்? போலன்கோவின் லாரி ஓட்டுநர். — ஐயோ, இதையெல்லாம் எழுதிப் பார்க்கிறேனே, நான் என்ன பெண்டாட்டி?

ஏப்ரல் 25, வியாழன்
கூட்டத்தின் நடுவே குரல் திரும்பி வந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் காதில் போன். பேசும் முனையை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

"நான் எதையும் விக்கல நெரெய்தா. டோமினோ மேசையில... இன்னும் எனக்கு எல்லாம் தெரியும்னு காட்டிக்கத்தான்."

கூட்டத்துக்குத் திரும்பி வந்து சொன்னேன்: "ரதாமேஸ் இல்ல. என் வீட்டு ஆள்."

ஏப்ரல் 28
கூட்டத்தைக் கேட்க மட்டுமாவது விடச் சொல்லி இவர் எலிஹியோவிடம் போய் நின்றாராம். "காது இருக்கட்டும். வாய்க்கு நெரெய்தா பொறுப்பு" என்றாராம் எலிஹியோ.

மே 2, வியாழன்
ரதாமேஸ் வந்தான். காபி வேண்டாம் என்றான். என் வீட்டில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

இவரைக் கட்டிலில் உட்காரவைத்து, போனைக் காதில் பிடிக்கச் சொல்லி, அதையும் சேர்த்தே திருக வைத்தேன். இனி அவர் போனை வைத்தால்தான் எதிரொலி வரும். கூட்டம் முடியும்வரை வரவில்லை.

நாளை வெள்ளி. இவருடைய டோமினோப் பெட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன்.